ஈரக் கைக்கு ஒரு பிடி

வாங்க கண்ணுகளா, கிட்ட வாங்க. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்துவிடுங்கள், காற்று எல்லாருக்கும் போதும். இன்றைக்கு ஒரு கதை சொல்கிறேன். ராஜா வேட்டைக்குப் போன கதை இல்லை, பூதம் புதையல் காத்த கதையும் இல்லை. ஒரு சாண் நீளத்துப் பேட்டுப் பிடியின் கதை. ஒரு சாண்தானே என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். இரண்டு பெண்களுடைய ஐந்து வருஷத்துக் கூட்டு அந்த ஒரு சாணில் அறுந்துவிழப் பார்த்தது. அது எப்படி நின்றது என்பதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

கணபதி என்கிற இடத்தில் அப்புசாமி என்பவருக்கு ஒரு ரீவைண்டிங் பட்டறை இருக்கிறது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எரிந்துபோன பம்பு மோட்டார்கள் எல்லாம் அங்கே வந்து வரிசையில் உட்கார்ந்திருக்கும், ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிய மாதிரி. ஒவ்வொன்றின் வயிற்றையும் திறந்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப்போட்டு, புதுக் கம்பியைக் 'காயில்' என்கிற வளையங்களாகச் சுற்றிக் கட்டி, காட்டன் டேப் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து அனுப்புவார்கள். அந்தப் பட்டறையில் பதினான்கு வருஷமாகக் காயில் கட்டுகிறவள் இளவேனில். வயது முப்பத்தாறு. டேப் சுற்றுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் சரிபாதியை மூடவேண்டும். ஒரு நூல் ஏறக் கூடாது, ஒரு நூல் இறங்கக் கூடாது. இளவேனில் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே சுற்றுவாள்.

அவ்வளவு நல்ல கைக்கும் ஒரு குறை இருந்தது. உள்ளங்கை வேர்க்கும். கொஞ்சநஞ்சம் இல்லை, ஊற்றும். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் நனைந்து மை பரவி மார்க்குப் போனதெல்லாம் உண்டு. கலியாணத்தன்று கையைப் பிடித்த மாப்பிள்ளை பிரவின்குமார், பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காமல், "ஏனுங்க, கைகழுவிப்போட்டுத் தொடைக்க மறந்துட்டீங்களா?" என்று கேட்டான். அவன் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். இன்றுவரைக்கும், "நீ கூட வந்தீன்னா டிக்கெட்டு கிழிக்க எனக்கு ஸ்பாஞ்சே வேண்டாம்" என்று கிண்டல் செய்கிறான். பட்டறையில் மடியில் எப்போதும் ஒரு துண்டு விரித்திருப்பாள். ஒரு காயில் கட்டி முடித்ததும் கையை அதில் ஒற்றிக்கொண்டுதான் அடுத்ததைத் தொடுவாள்.

பட்டறைக்குப் பின்னால் ஒரு பழைய வார்ப்படக் கொட்டகை சும்மா கிடந்தது. அப்புசாமிக்கு ஷட்டில் மேல் பைத்தியம். கூரை உயரமாக இருக்கிறதே என்று தரையைச் சமன் செய்து, கோடு போட்டு, வலை கட்டி, அதை இரண்டு கோர்ட்டுகளாக ஆக்கிவிட்டார். காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை யார் வேண்டுமானாலும் வரலாம். அங்கேதான் இளவேனிலுக்கு நஃபீசா கிடைத்தாள்.

நஃபீசா இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். இவளைவிட இரண்டு வயது மூத்தவள். "குத்தறது என்ற தொழிலு, ஆனா வலிக்காது" என்பாள். கோர்ட்டிலும் அப்படித்தான். பின்னால் நின்று ஓங்கி அடிக்கிறவள் இளவேனில். முன்னால் வலையோரம் நின்று, தடுமாறித் திரும்பி வருகிற 'காக்' என்கிற இறகுப் பந்தை அலுங்காமல் அந்தப் பக்கம் குத்திவிடுகிறவள் நஃபீசா. ஐந்து வருஷமாக ஒரே ஜோடி. நாள் முழுக்க மோட்டாரோடும் வீட்டோடும் மல்லுக்கட்டுகிற இளவேனிலுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் தனிச் சொத்து. தன்னை நம்பி ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள் என்பதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இப்படி இருக்கையில் அவிநாசியில் ஒரு போட்டி அறிவித்தார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்கள், இரட்டையர். போட்டிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில்தான் அது நடந்தது. சித்திரை மாசத்துப் புழுக்கம். இளவேனில் எம்பி ஸ்மாஷ் அடித்தாள். காக் ஒரு பக்கம் போனது, பேட்டு கையைவிட்டு நழுவி இன்னொரு பக்கம் போனது. நஃபீசாவின் வலது காதை உரசிக்கொண்டு போய் வலையில் மாட்டிக்கொண்டது.

"ஐயோ அக்கா!" என்று ஓடினாள் இளவேனில்.

நஃபீசா காதைத் தடவிப் பார்த்தாள். "காது இருக்குது. தோடுதான் காணம்."

எல்லாருமாகக் குனிந்து தேடித் தோட்டை வலைக்கம்பத்தின் காலடியில் கண்டுபிடித்தார்கள். இரத்தம் இல்லை, காயம் இல்லை. நஃபீசா சிரித்தாள், இளவேனிலும் சிரித்தாள். போச்சாது, போகட்டும் என்று ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

ஆனால் கண்ணுகளா, மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. இளவேனில் கையை ஓங்குகிற ஒவ்வொரு தடவையும் நஃபீசாவின் கழுத்து மெல்லப் பின்பக்கம் திரும்பியது. கண் மூடித் திறக்கிற நேரம்தான். ஆனால் வலையோரம் நிற்கிறவளுக்கு அந்த நேரம்தான் எல்லாமே. திரும்பிவிட்டு முன்னால் பார்ப்பதற்குள் காக் தரையில் கிடக்கும். வழக்கமாக இவர்களிடம் தோற்கிறவர்களே அன்றைக்கு இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டுப் போனார்கள்.

பட்டறை திறந்ததும் அப்புசாமி இளவேனில் உட்காரும் இடத்துக்கு வந்தார். கையில் இருந்த டீ டம்ளரை உருட்டிக்கொண்டே நின்றார்.

"அம்மிணி, நான் சொல்றன்னு தப்பா எடுத்துக்காத. சனிக்கிழமை பொழுதோட பேரு குடுத்தாகோணும். நம்ம நந்திதா ஜோடி இல்லாம நிக்குது. நஃபீசாவ அதுகூட விட்டுப் பாக்கலாமா? நீ சிங்கிள்ஸ்ல நின்னுக்க."

"சிங்கிள்ஸ்னா என்ற பேட்டு யாரு மேலயும் உழுகாதுங்கறீங்களாண்ணா?"

"எதிர்ல நிக்கறவங்க மேல உழுந்தா பாயிண்ட் எச்சாக் குடுப்பாங்களோ என்னமோ" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு, "உனக்கு இஷ்டமில்லாம மாத்த மாட்டன். சனிக்கிழமை வரைக்கும் பாரு" என்று போய்விட்டார்.

சனிக்கிழமைக்கு நடுவில் இருந்தது இரண்டே நாள். நஃபீசா திரும்பிப் பார்க்காமல் நிற்க வேண்டும். இளவேனிலுக்குக் கோப்பை வேண்டாம், மெடல் வேண்டாம், அது ஒன்று போதும்.

அன்று பொழுதோடு, பட்டறை விட்டதும், பக்கத்துத் தெருக் கடைக்குப் போய், இருப்பதிலேயே கெட்டியாகப் பிடிக்கிற கிரிப் ஒன்று கேட்டாள். ரோஸ் கலரில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். தொட்டதும் கையை விடவில்லை, பலாச்சுளை உரித்த விரல் மாதிரி ஒட்டியது. இதுதான் சரி என்று வாங்கிப் பழைய பிடியின் மேலேயே சுற்றினாள். வியாழக்கிழமைக் காலை முதல் பத்து நிமிஷம் அருமையாகப் போனது. அப்புறம் கை வேர்க்கத் தொடங்கியது. வேர்வை உள்ளே போக இடமில்லாமல் மேலேயே நின்றது. ஒட்டின கிரிப் மழையில் நனைந்த சைக்கிள் டியூப் மாதிரி ஆனது. பேட்டு பறந்துவிடாமல் இருக்க விரல் வலிக்க வலிக்க இறுக்கிப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்த கையில் அடி எழும்பவே இல்லை. நஃபீசாவோ பாவம், கதவு தட்டும் சத்தம் கேட்டவள் மாதிரி திரும்பிக்கொண்டே இருந்தாள்.

பட்டறைக்கு வந்து மோட்டார் முன் உட்கார்ந்ததும் இளவேனிலுக்கு யோசனை ஒன்று உதித்தது. கண்ணெதிரே காட்டன் டேப் உருண்டை உருண்டையாகக் கிடக்கிறது. பதினான்கு வருஷமாகச் சுற்றுகிற கை. கடையில் விற்கிற ரோஸ் கலரை நம்பி எதற்கு அலையவேண்டும்? மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேட்டை எடுத்துவைத்துக்கொண்டு, அடியிலிருந்து மேல்வரை, பாதிக்குப் பாதி, இழுத்துப் பிடித்துச் சுற்றினாள். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் டேப் சுற்றி முடித்த கை சும்மா இருக்குமா? பதினான்கு வருஷத்துப் பழக்கம் தானாக அடுத்த வேலைக்குப் போனது. டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷைத் தோய்த்து, மேலிருந்து கீழ்வரை ஒரு கை வார்னிஷ் அடித்தாள். அது காய்ந்ததும் இன்னொரு கை அடித்தாள்.

அப்புசாமி எடுத்துப் பார்த்து அசந்துபோனார். "என்னம்மிணி, இத உப்புத்தண்ணிக் கெணத்துல எறக்குனாலும் பத்து வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாதே!"

வீட்டில் பிரவின்குமார் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எல்லாஞ் செரி, சுவிட்ச் எங்க இருக்குது?"

"உங்களுக்கு எல்லாம் கேலிதான். நாளைக்குப் பாருங்க."

வெள்ளிக்கிழமைக் காலையில் பார்த்தார்கள். கோர்ட்டே பார்த்தது. மூன்றாவது ஸ்மாஷிலேயே அந்தப் பேட்டு, அம்பு மாதிரி வலைக்கு மேலே போய், அந்தப் பக்கத் தரையில் சுழன்று சுழன்று சுவரோரம் போய் நின்றது. யார் மேலும் படவில்லை. எதிர்ப்பக்கம் நின்றவர்கள், "அவுட்டுங்க!" என்று கை காட்ட, கொட்டகை முழுக்கச் சிரிப்பு. இளவேனிலும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முன்னால் பார்த்தாள். நஃபீசா இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் குக்கி உட்கார்ந்திருந்தாள். பேட்டு பறப்பதற்கு முன்பே, கை ஓங்கியபோதே அவள் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

இளவேனிலின் சிரிப்பு நின்றுபோனது.

குழாயடியில் முகம் கழுவும்போது நஃபீசாவே வந்தாள். "தோடு புதுசு. அதான் உக்காந்துட்டன்."

"அக்கா."

"சரி, பயந்தான் வேனிலு. பொய் எதுக்குச் சொல்லோணும். உன்மேல எனக்கு நம்பிக்கை இல்லாம இல்ல. இந்தக் கழுத்துக்கு அது தெரியமாட்டீங்குது, தானாத் திரும்பிக்குது."

"நந்திதாகூட நின்னுக்கறீங்களாக்கா? நான் கோவிச்சுக்க மாட்டனுங்க."

நஃபீசா ஈரக் கையை உதறினாள், தண்ணீர் இளவேனிலின் முகத்தில் தெறித்தது. "அந்தப் புள்ளைக்கு ஒரு காக் தவறுனா மூஞ்சி ஏழு முழம் போயிருது. அதுகூட நின்னு நான் என்னத்தச் சிரிக்கறது? நீ அந்தப் புடியச் செரி பண்ணு. ஆனா ஒண்ணு, இன்னொருக்கா மோட்டார எடுத்துட்டு வந்துராத."

அன்று பொழுதோடு பிரவின்குமாரின் பஸ்ஸிலேயே ஏறிக் காந்திபுரத்தில் இறங்கினாள் இளவேனில். டவுன் பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில், மாடியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை இருந்தது. கடைக்காரன் பெயர் கிஷன். ஒரு பேட்டுக்கு நரம்பு கட்டிக்கொண்டிருந்தவன், நிமிர்ந்து அவள் கையிலிருந்த பேட்டைப் பார்த்து, "கிரிப்பா? மொதல்ல கையக் குடுங்க" என்றான். கொடுத்தாள். வாங்கிப் பார்த்தவன் தன் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்குங்க" என்றாள் இளவேனில்.

"இதுக்கென்னங்க. இந்த மாதிரிக் கை வாரத்துக்கு ரெண்டு வருது." பேட்டை வாங்கினான். பிடியை விரல் நகத்தால் தட்டினான். மேசையைத் தட்டின மாதிரி டக்டக் என்று கேட்டது. விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தான். "யாருங்க சுத்துனது? ஒரு நூல் பிசகல! நானே இப்படிச் சுத்துனதில்லீங்க."

"நாந்தானுங்க." உச்சி குளிர்ந்துபோயிற்று அவளுக்கு.

"மேல என்ன பூசியிருக்கீங்க?"

"வார்னிஷுங்க."

"வார்னிஷா? அது எதுக்குங்க?"

"எதுக்குன்னா, காயிலுக்குள்ள ஈரம் போகாம..." என்று தொடங்கியவள் அப்படியே நிறுத்தினாள்.

உள்ளே ஈரம் போகாமல் இருக்கத்தானே வார்னிஷ் அடிப்பது? பருத்திக்கு ஆயிரம் வாய். அத்தனை வாயையும் அடைத்தால்தான் மோட்டார் பிழைக்கும். தன் கைக்கு வேண்டியது என்ன? அந்த வாயெல்லாம் திறந்திருக்க வேண்டும். கை ஊற்றுவதைக் குடிக்க வேண்டும். குடிக்கிறதைப் பிடித்து, இரண்டு பூச்சு அடித்து, வாயை மூடிக் கொண்டுவந்திருக்கிறாளே! நின்ற இடத்திலேயே இளவேனில் சிரிக்க ஆரம்பித்தாள். கிஷனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏனுங்க, ஒரு சொம்புத் தண்ணி கிடைக்குமுங்களா?"

"குடிக்கவா?"

"இல்லீங்க. உங்ககிட்ட இருக்கற கிரிப்புல எல்லாம் ஒவ்வொண்ணு எடுத்து வைங்க."

மேசை மேல் மூன்று வைத்தான். ஒன்று வழவழப்பான தடிப் பிடி. ஒன்று பொடிப் பொடி ஓட்டை போட்ட ஒட்டுகிற வகை. மூன்றாவது மஞ்சள் நிறத்தில், சின்னப் பிள்ளைகளின் துவாலையைக் கிழித்துச் சுருட்டின மாதிரி இருந்தது. இளவேனில் விரலை நனைத்து ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு வைத்தாள். முதலாவதில் சொட்டு, சேம்பு இலையில் நிற்பதைப் போல உருண்டு நின்றது. இரண்டாவதில் பாதி ஓட்டைக்குள் போனது, பாதி மேலேயே பளபளத்தது. மூன்றாவதில் சொட்டைக் காணவே காணோம்.

"டவல் கிரிப்புங்க" என்றான் கிஷன். "நான் கடைசியாச் சொல்லலாம்னு இருந்தன். பாக்க லட்சணமா இருக்காது, நெறையப் பேரு வேண்டாம்பாங்க."

"பதினாலு வருஷமா மடியில துண்டு போட்டுத்தானுங்க கையத் தொடைக்கிறன். அதப் புடியில சுத்தோணும்னு தோணுல பாருங்க."

கிஷன் நல்ல மனுஷன். விற்றால் போதும் என்று விடவில்லை. இரண்டு எச்சரிக்கை சொன்னான். ஒன்று, பழைய பிடியின் மேல் சுற்றினால் உலக்கை மாதிரி தடித்துவிடும். எல்லாவற்றையும் உரித்துக் கட்டையை வெறுமையாக்கிவிட்டு நேராக அதன் மேல் சுற்ற வேண்டும். இரண்டாவது, துவாலைக்கும் வயிறு உண்டு. "வேர்வை குடிச்சு நெறஞ்சுபோச்சுன்னா இதுவும் வழுக்குமுங்க. உங்க கைக்கு ரெண்டு ஆட்டம் தாங்கும். மூணாவது ஆட்டம் வந்தா வேற பேட்டு எடுத்துக்குங்க."

"எனக்குப் படிஞ்சது இந்த ஒரு பேட்டுத்தானுங்க."

"அப்பப் புடிய மாத்தோணும். ரெண்டாவது ஆட்டத்துக்கும் மூணாவதுக்கும் நடுவுல ரெண்டே நிமிஷந்தான் விடுவாங்க. எனக்கே பத்து நிமிஷம் ஆகுமுங்க."

"ரெண்டு நிமிஷமா?" என்று கேட்டாள் இளவேனில். ஐந்து சுருள் எடுத்துக்கொண்டாள்.

வார்னிஷைச் சுரண்டி எடுக்கப் பிரவின்குமார்தான் உட்கார்ந்தான். "பத்து வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு உங்க மொதலாளி சும்மா சொல்லுல" என்று புலம்பிக்கொண்டே சுரண்டினான். பிறகு கட்டையின் மேல் மஞ்சள் துவாலையைச் சுற்றினாள் இளவேனில். துவாலை டேப்பைவிடத் தடிப்பு. அதனால் பாதிக்குப் பாதி ஏற்றாமல், விளிம்போடு விளிம்பு தொட்டு நிற்கும்படி சுற்றினாள். மேல்முனையைக் காட்டன் டேப்பால் நான்கு சுற்றுக் கட்டி, பல்லால் கடித்து அறுத்தாள். காயில் கட்டுகிறவர்கள் கத்தரிக்கோலைத் தேடமாட்டார்கள். வார்னிஷ் டப்பா பக்கம் போகவே இல்லை.

சனிக்கிழமைக் காலையில் நஃபீசா அந்த மஞ்சள் பிடியைத் தொட்டுப் பார்த்தாள். "கோழிக்குஞ்சு மாதிரி இருக்குது. கத்துமா?"

"உங்கள ஒண்ணும் கொத்தாதுக்கா, வாங்க."

ஆடினார்கள். வேர்வை கொட்டியது, பிடி குடித்துக்கொண்டே இருந்தது. இறுக்கிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. விரல்கள் தளர்ந்ததும் தோள் தளர்ந்தது. அடி சவுக்கு மாதிரி இறங்கியது. பேட்டு ஒரு இம்மி நகரவில்லை. ஆனாலும் நஃபீசாவின் கழுத்து திரும்பத்தான் செய்தது. முதல் ஆட்டத்தில் ஒன்பது தடவை, இளவேனில் எண்ணினாள். இரண்டாவது ஆட்டத்தில் நான்கு.

பொழுதோடு அப்புசாமி தாளும் பேனாவுமாக நின்றார். யார் பெயர் என்று அவர் கேட்பதற்குள் நஃபீசா சொன்னாள்: "எழுதுங்கண்ணா. இளவேனில், நஃபீசா. புடிய அவ பாத்துக்கிட்டா. கழுத்த நான் பாத்துக்கறன்."

அடுத்த ஒரு வாரம் நல்ல வாரம். திங்களன்று நஃபீசா இரண்டு தடவை திரும்பினாள். புதனன்று ஒரே ஒரு தடவை, அதுவும் கொட்டகைக் கூரையில் பூனை குதித்த சத்தத்துக்கு. வெள்ளிக்கிழமை இளவேனில் எண்ணவே மறந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவிநாசி. தகரக் கூரை போட்ட மண்டபம், உள்ளே வெயில் காய்ச்சிய காற்று. பிரவின்குமார் லீவு போட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டில் கூடையோடு வந்திருந்தான். அப்புசாமி வெள்ளை வேட்டியில், பெண் பார்க்க வந்தவர் மாதிரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல் சுற்றை இரண்டே ஆட்டத்தில் முடித்தார்கள். அடுத்த சுற்றுக்கு முன்னால் இளவேனில் புதுச் சுருள் சுற்றிக்கொண்டாள்.

இரண்டாவது சுற்றுக்கு வந்தவர்கள் பெருந்துறைக்காரிகள், அக்காளும் தங்கையும். விடாக்கண்டிகள். எதை அடித்தாலும் திருப்பி அனுப்பினார்கள். முதல் ஆட்டம் நம்மவர்களுக்கு. இரண்டாவது ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. பதினைந்தைத் தாண்டியபோது துவாலையின் வயிறு நிறைந்தது. இளவேனிலின் கைக்கு அது உடனே தெரிந்தது. ஒரு ஸ்மாஷில் பேட்டு விரலுக்குள் அரை அங்குலம் நழுவி, சளக் என்று ஒரு சத்தம். முன்னால் நின்ற நஃபீசாவுக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது.

கழுத்து திரும்பியது.

அடுத்ததற்கும் திரும்பியது, அதற்கடுத்ததற்கும். மளமளவென்று ஐந்து பாயிண்ட் போய், இரண்டாவது ஆட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆளுக்கு ஒன்று. நடுவர் இரண்டு நிமிஷம் என்று விரலைக் காட்டிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நஃபீசா தண்ணீர் குடிக்கவில்லை. நேராக வந்து, "வேனிலு, மறுபடியும் வருது" என்றாள். குரல் சின்னதாக இருந்தது.

"தெரியுமுங்கக்கா. இதப் புடிங்க." பேட்டின் தலைப்பக்கத்தை நஃபீசாவின் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள் இளவேனில். பட்டறையில் மோட்டார் முன் உட்காருகிற அதே உட்காரல். மேல்கட்டைப் பல்லால் அறுத்தாள். நனைந்த துவாலையை ஒரே இழுப்பில் உருவி எறிந்தாள், அது பிரவின்குமாரின் மடியில் போய் விழுந்தது. கட்டையைத் துண்டால் ஒற்றினாள். புதுச் சுருளின் முனையை அடியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, இழுத்து, திருப்பி, இழுத்து, திருப்பி...

பார்க்க வந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பெருந்துறைத் தங்கை வாயைத் திறந்து, "ஏனுங்கக்கா, இது மேட்ச்சா பட்டறையா?" என்றாள்.

"ரெண்டுந்தானுங்க" என்றாள் இளவேனில் தலை நிமிராமல்.

"ஒரு நிமிஷம் ஆச்சு" என்றார் நடுவர்.

"அம்மிணி, விளிம்பப் பாத்து!" என்று முன்வரிசையிலிருந்து அப்புசாமி கத்தினார். பதினான்கு வருஷமாக அவர் அதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறார்.

நஃபீசா பேட்டின் தலையைப் பிடித்தபடி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரத்தம் எடுக்கிறவளுக்குக் கை தெரியும் கண்ணுகளா. எந்தக் கை நடுங்குகிறது, எந்தக் கை நடுங்கவில்லை என்று நாளைக்கு நாற்பது கையைப் பார்க்கிறவள். இங்கே ஒரு மண்டபமே பார்க்கிறது, நேரம் ஓடுகிறது, நெற்றியில் வேர்வை வழிகிறது. அந்த விரல்கள் மட்டும் தம் பாட்டுக்கு, காலை வேளையில் கோலம் போடுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன. நஃபீசாவின் தோள் கொஞ்சம் இறங்கியது.

மேல்முனையில் நான்கு சுற்று, ஒரு முடிச்சு, ஒரு கடி. இளவேனில் எழுந்தாள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பதினைந்து வினாடி மீதி இருந்தது.

"இப்ப ஒரு வாய் தண்ணி குடிங்கக்கா" என்றாள் இளவேனில். நஃபீசா குடித்தாள்.

மூன்றாவது ஆட்டத்தை நான் முழுக்கச் சொன்னால் உங்களுக்குச் சோறு ஆறிவிடும். நெருக்கமாகத்தான் போனது. பதினெட்டுக்குப் பதினெட்டு, பத்தொன்பதுக்குப் பதினெட்டு, இருபதுக்குப் பதினெட்டு. கடைசி அடிக்கு இளவேனில் பின்கோட்டில் நின்று எம்பினாள். கையை முழுசாக ஓங்கினாள், பேட்டு பறந்த செவ்வாய்க்கிழமை ஓங்கின அதே ஓங்கல். அந்தரத்தில் இருந்தபோது அவள் கண் பந்தைப் பார்க்கவில்லை என்று பிறகு அவளே சொன்னாள். முன்னால் நின்ற முதுகைத்தான் பார்த்தாளாம். அந்த முதுகு வளைந்து, பேட்டு முன்னால் நீண்டு, கழுத்து வலையைப் பார்த்து நிமிர்ந்து அப்படியே நின்றது. அசையவில்லை.

அடி இறங்கியது. பெருந்துறை அக்காள் எப்படியோ எடுத்துக் கொடுத்தாள். தடுமாறி வலைக்கு மேலே வந்த பந்தை நஃபீசா ஊசி குத்துகிற மாதிரி ஒரு குத்துக் குத்தினாள். வலிக்காமல் போய் அந்தப் பக்கம் விழுந்தது.

அப்போதுதான் நஃபீசா திரும்பினாள். உடம்பு முழுசாகத் திரும்பி, பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து இளவேனிலைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த சுற்றில் தோற்றார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். திருப்பூர்க்காரிகள் இரண்டு ஆட்டத்திலேயே முடித்துவிட்டார்கள். மூன்றாவது ஆட்டம் வராததால் கடைசிச் சுருள் மிச்சம். ஆனாலும் நஃபீசா அதில் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான்கு பேரும் ரோட்டோர பேக்கரியில் நின்று டீயும் தேங்காய் பன்னும் தின்றார்கள். பிரவின்குமார் பையிலிருந்து அந்த நனைந்த மஞ்சள் துவாலையை எடுத்துப் பிழிந்து காட்டினான். சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"அட கெரகமே, இத எதுக்குக் கொண்டுட்டு வந்தீங்க?" என்று மூக்கைப் பொத்தினாள் இளவேனில்.

"நாளைக்கு டிக்கெட்டு கிழிக்கோணும்ல?"

நஃபீசாவுக்குப் புரையேறிவிட்டது. இளவேனில் அவள் தலையில் தட்டினாள், ஈரக் கையாலேயே. நஃபீசா அந்தக் கையைத் தள்ளிவிடவில்லை. திங்கட்கிழமைக் காலை ஐந்தரைக்கு இரண்டு பேரும் கோர்ட்டில் இருந்தார்கள்.

கதை இவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்திருங்கள், போய்ச் சோற்றைத் தின்னுங்கள். உங்கள் வீட்டுக் கிணற்று மோட்டார் எரியாமல் ஓடட்டும். உங்கள் அடுக்களையில் பால் பொங்குகிற நாளெல்லாம் சிரிப்பும் பொங்கட்டும். வேர்க்கிற கைக்கு வேலை இருக்கட்டும், துடைத்துக்கொள்ள ஒரு துண்டும் இருக்கட்டும். உங்கள் வீட்டில் முன்னால் நிற்கிறவர்கள் எல்லாரும், பின்னால் நிற்பது யார் என்று தெரிந்து, கழுத்து வலிக்காமல் நிற்கட்டும். நல்லா இருங்க சாமிகளா, உங்க ஊடு நெறஞ்சு இருக்கட்டும்.